கரடி பேசக்கூடாது

கரடித் தலையை அவன் தோள்மேல் கவிழ்த்து மாட்டியபோது பாஸ்டரம்மா சொன்ன முதல் விதியே அதுதான். "என்ன ஆனாலும் வாயைத் திறக்கக்கூடாது தம்பி. கரடி பேசினா பிள்ளைங்க மிரண்டுடும். கையை ஆட்டுங்க, தலையை ஆட்டுங்க, இடுப்பையும் ஆட்டிக்கோங்க. பேச்சு மட்டும் கூடாது." உள்ளே இருந்தவன் சரி என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் விதி ஞாபகம் வந்து தலையை ஆட்டினான். கரடித் தலை ஒரு பக்கம் போக, அவன் தலை இன்னொரு பக்கம் போய் முட்டிக்கொண்டது.

அவன் வந்தது என்னவோ ஏ.சி. ரிப்பேருக்குத்தான். சர்ச்சில் பிள்ளைகளுக்குக் கோடை முகாம் தொடங்கிய அன்றே கூடத்து ஏ.சி. சூடாக மூச்சுவிட ஆரம்பித்திருந்தது. ஏணியில் ஏறி அதன் வயிற்றைத் திறந்து சுத்தம் செய்துவிட்டு இறங்கியவனைப் பாஸ்டரம்மா மேலும் கீழும் அளந்தார். வழக்கமாகக் கரடி வேஷம் கட்டும் கிட்டார்க்காரர் படியில் சறுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டாராம். உடுப்பு அவனுக்குத் தைத்த மாதிரி இருந்தது. ஊரில் உள்ள ஏ.சி.க்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவன், மண்டை பிளக்கும் வெயிலில் கம்பளிக்குள் வேகிறான் என்றால் அதைத் தலைவிதி என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? சர்ச்சுக்குள் நின்றுகொண்டு தலைவிதி என்று சொல்லலாமா என்பதைப் பாஸ்டர்தான் சொல்ல வேண்டும்.

சும்மா ஒன்றும் அவன் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த முகாமில், மஞ்சள் தொப்பி அணியில் மிளகு இருந்தாள். மிளகு என்பது அவள் அம்மா வைத்த செல்லப் பெயர். ஆள் பொடிசு, காரம் அதிகம் என்று. ஆனால் அவன் அந்தக் காரத்தைப் பார்த்ததே கிடையாது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவள் அம்மாவை அவன் கல்யாணம் செய்துகொண்டு வந்த நாளிலிருந்து, வீட்டில் மிளகு விருந்தாளி வந்த வீட்டுப் பிள்ளைபோல நடந்துகொண்டாள். கேட்டதற்குப் பதில், கொடுத்ததற்கு நன்றி. அவனை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பென்சில் சீவித் தர வேண்டுமானாலும் சரி, செருப்பு வார் அறுந்துபோனாலும் சரி, அவன் எங்கே எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் சுற்றிக்கொண்டு எதிரே வந்து நிற்பாள். அவன் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருப்பாள். ஒருமுறை அவன் கட்டிலுக்கடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கமாகப் படுத்து உருண்டு வந்து முகத்துக்கு நேராக, "அம்மா சாப்பிடக் கூப்பிட்டாங்க" என்றாள். அவனுக்குச் சிரிப்பும் வந்தது, துக்கமும் வந்தது.

அவனுக்கு ஆசை இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அப்பா என்று அந்தக் குழந்தை வாயால் ஒரு தடவை கூப்பிட்டுவிட மாட்டாளா என்று கிடந்து தவித்தான். அடுத்த அறையில் அவள் பாடம் படிக்கும்போது "அப்பா கடைக்குப் போனார்" என்று ஒரு வரி வந்தது. இங்கே இவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கால்மேல் போட்டுக்கொண்டான். வீங்கிய விரலைத் தடவியபடி, பைத்தியக்காரா, அது பாடப்புத்தகத்து அப்பாடா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான். திட்டினால் ஆசை அடங்கிவிடுமா?

அதனால் காலையில் அவளை முகாம் வாசலில் இறக்கிவிட்டு, வேலைக்குப் போகிறவன்போல வண்டியைத் தெருமுனை வரை ஓட்டி, சர்ச்சின் பின்கேட் வழியாக நுழைந்து கரடியாவான். கரடியின் வாயில் இருந்த வலைத் துணி வழியாகத்தான் உலகம் தெரியும். அந்த வலை வழியாக அவன் பார்த்த மிளகு வேறு ஒருத்தி! பாட்டுக்குக் குதிக்கிறவர்களில் அவள்தான் உயரமாகக் குதித்தாள். பசையைக் காகிதத் தட்டில் தடவச் சொன்னால் பக்கத்து நீலத் தொப்பிக்காரன் மூக்கில் தடவினாள். கூடம் அதிரச் சிரித்தாள். "கரடி மாமா! கரடி மாமா!" என்று ஓடிவந்து அவன் தொந்தியில் முட்டிக் கட்டிக்கொண்டாள். கரடிக்குக் கிடைத்த யோகம். உள்ளே இருந்தவன் வியர்வையில் நனைந்து, வாயை இறுக மூடிக்கொண்டு, பேச முடியாத சந்தோஷத்தில் இடுப்பை ஆட்டினான்.

முகாம் முடிய இன்னும் ஒரு நாள் இருந்தது. ஜூஸ் நேரத்தில் கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று கூடத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி நிழலில் போய் உட்கார்ந்தான். தலையைக் கழற்றக் கையைத் தூக்கிய நேரம், மிளகு இரண்டு பிஸ்கட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். தூக்கிய கையை அப்படியே ஆட்டி வணக்கம் வைத்தான்.

"கரடி மாமா, நீங்க யார்கிட்டயும் பேச மாட்டீங்கல்ல?"

மாட்டேன் என்று தலை ஆடியது.

அவள் ஒரு பிஸ்கட்டின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றிக் கடித்தாள். "எங்க வீட்டுல ஒருத்தர் இருக்காரு. அம்மா அவரை அப்பானு கூப்பிடச் சொல்றாங்க. தினமும் சொல்றாங்க. அவரு நல்லவருதான். ஃபேனைக்கூட என் பக்கமாத்தான் திருப்பி வைப்பாரு." பிஸ்கட் பாதியாகியது. "ஆனா எங்க அப்பா மேல இருக்காருல்ல? நான் அப்பானு கூப்பிட்டா, என்னைத்தான் கூப்பிடறானு நினைச்சு அவரு அங்கேர்ந்து இறங்கி வந்துட்டா? வந்து பாத்தா இங்க வேற ஒருத்தர் நிப்பாரு. பாவம்ல அவரு?"

கரடி அசையவில்லை. அவ்வளவு தூரம் இறங்கி வந்து, மகள் பக்கத்தில் இன்னொருவன் நிற்பதைப் பார்க்கும் அந்த மனிதரை அவனால் கண்முன் பார்க்க முடிந்தது. வீட்டுக் கூடத்துச் சுவரில் படமாக மாட்டியிருக்கும் அதே முகம், அதே கட்டம்போட்ட சட்டை. இத்தனை நாளாக அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் அவன் டீ குடிக்கிறான். ஒருநாளாவது இப்படி நினைத்தானா?

"அதனால நான் கூப்பிடாமலே இருந்துக்கட்டுமா? இவரு கோவிச்சுக்க மாட்டாருல்ல?"

கேள்வி இரண்டு. அவனிடம் இருந்ததோ தலை ஒன்றுதான். அதைப் பக்கவாட்டில் ஆட்டினால் போதும். கரடி மாமா சொல்லிவிட்டது என்று இன்றைக்குச் சாயங்காலமே அவள் அப்பா என்று கூப்பிட்டாலும் கூப்பிடுவாள். குழந்தைதானே. அவன் கேட்க ஏங்கிய சொல் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. எட்டிப் பறித்தால் யார் கேட்கப்போகிறார்கள்? அவள் அவனையே, இல்லை, கரடி மூக்குக்குமேல் ஒட்டியிருந்த கண்ணாடிக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அந்தப் பெரிய தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, சந்தேகத்துக்கே இடமில்லாதபடி, மேலும் கீழுமாக ஆட்டினான். இருந்துக்கோ தாயி. தாராளமா இருந்துக்கோ. பிறகு பக்கவாட்டிலும் ஆட்டினான். கோவிச்சுக்க மாட்டார்.

மிளகு பெரியவர்களைப்போல ஒரு மூச்சு விட்டாள். முழுதாக இருந்த பிஸ்கட்டை உடைத்து, வலைத் துணியின் ஓட்டை வழியாகத் துண்டு துண்டாக உள்ளே தள்ளினாள். பாதி அவன் வாயில் விழுந்தது, பாதி கழுத்துக்குள் போயிற்று. அவன் அழுதுகொண்டிருந்தான். கரடிக்குள் கை நுழையாது, கண்ணைத் துடைக்க வழியில்லை. வியர்வையோடு வியர்வையாக வழியட்டும் என்று விட்டுவிட்டான்.

அன்று சாயங்காலம் பிள்ளை வெளியே விளையாடிக்கொண்டிருந்தபோது, மனைவி துணி மடித்தபடியே தொடங்கினாள். "நாளைக்கு எல்லா அப்பா அம்மாவும் வருவாங்க. அங்கயாவது ஒழுங்கா அப்பானு கூப்பிடுனு சொல்லி வச்சிருக்கேன்."

"வேண்டாம்மா. இனிமே அதை அவகிட்ட கேக்காத."

அவள் மடிப்பதை நிறுத்தினாள். "ஏன், உங்களுக்கு ஆசையில்லையா?"

"இருக்கு. என் ஆசையைத் தூக்கி அவ தலையில வைக்கணுமா? அவளுக்கு ஒரு அப்பா இருந்தாரு. அது அப்படியே இருக்கட்டும்."

மனைவி அவன் சட்டை ஒன்றை எடுத்து, ஏற்கெனவே மடித்ததை உதறி மறுபடி மடித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. யார் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

ஆனால் ஒரு சிக்கல் பாக்கியிருந்தது. கடைசி நாள் எல்லார் முன்னாலும் கரடி தலையைக் கழற்றிக் காட்டுவது அந்த முகாமின் வழக்கம். உள்ளே யார் என்று பிள்ளைகள் வாரம் முழுக்க அடித்துக்கொள்வார்கள். அவன் தலையைக் கழற்றினால் மிளகு என்ன ஆவாள்? மறுநாள் விடிந்ததும் பாஸ்டரம்மாவிடம் போய், தலையைக் கழற்ற மாட்டேன் என்று நின்றான்.

"அதெப்படித் தம்பி? கழட்டலன்னா பிள்ளைங்க என்னை உண்டு இல்லைனு ஆக்கிடுங்களே!"

"எங்க பொண்ணு கரடிகிட்ட ஒரு விஷயம் சொல்லிட்டாம்மா. அது நான்னு அவளுக்குத் தெரியக்கூடாது."

பாஸ்டரம்மா ஊர் வாயையே அடக்கும் பேச்சுக்காரி. அன்று அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவன் தோளைத் தட்டிவிட்டு, "சரி, எங்க வீட்டுப் பாஸ்டரை உள்ள தள்ளிடறேன். பிரசங்கத்துல ஊரையே வறுத்தெடுக்கறாரு, ஒரு நாள் அவரும் வேகட்டுமே" என்றார்.

பாஸ்டருக்கு உயரம் அதிகம். உடுப்பு முழங்காலோடு நின்றுவிட, "ஐயோ, கரடி ஒரே ராத்திரியில வளந்துடுச்சு!" என்று பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். தலை கழன்று, வெந்த கிழங்குபோலப் பாஸ்டரின் முகம் வெளியே வந்தபோது கூடம் இரண்டுபட்டது. இஸ்திரி போட்ட சட்டையோடு கடைசி வரிசையில் நின்றிருந்த அவன் சிரிக்காமல் மிளகையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் திகைத்துப்போய் நின்றாள். பிறகு மேடை ஏறி, பாஸ்டரைக் குனியச் சொல்லிக் காதில் ஏதோ சொன்னாள். பாஸ்டருக்குத் தலையும் புரிந்திருக்காது, வாலும் புரிந்திருக்காது. ஆனாலும் அவர் நெஞ்சில் கைவைத்து, சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணிக் கொடுப்பது தெரிந்தது. நல்ல மனிதர்.

முடிந்து எல்லாரும் முற்றத்துக்கு வந்தபோது எள் போட இடமில்லை. தாய்மார்கள், தகப்பன்மார்கள், கைவேலைப் பொருள்கள், தொலைந்த தண்ணீர்ப் பாட்டில்கள். மனைவி கடையிலிருந்து வந்துகொண்டிருப்பதாகப் போன் செய்தாள். பேசி முடித்துவிட்டு, சுவரோரம் ஏ.சி.யின் வெளிப்பெட்டி லேசாக முனகுவது காதில் பட, தொழில் புத்தி விடாமல் அதன் பக்கம் திரும்பிக் குனிந்தான். மிளகு கூடத்து வாசல்படியில் வந்து நின்றது அவனுக்குத் தெரியாது. இரண்டு கையிலும் பசை காயாத காகிதத் தட்டுகள். நடுவே இத்தனை கூட்டம். சுற்றிக்கொண்டு எதிரே வர வழியில்லை.

"ஏங்க!"

உரக்க, கணீரென்று, அவள் அம்மா அடுக்களையிலிருந்து கூப்பிடுகிற அதே இழுப்போடு வந்தது அந்தக் குரல். முற்றத்தில் இருந்த புருஷன்மார் பாதிப் பேர் சட்டென்று திரும்பினார்கள். பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை விட்டார், செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் ஒற்றைக் காலில் நின்றார். எல்லாருக்கும் அவரவர் வீட்டுக் குரல்போலவே இருந்தது. திரும்பாதவன் ஒருவன்தான். தன்னை யார் கூப்பிடப்போகிறார்கள் என்று அவன் பாட்டுக்கு முனகலைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஏங்க! உங்களைத்தான்!"

திரும்பிய தலைகள் எல்லாம் அவள் பார்வை போன திக்கைப் பார்த்து, ஒவ்வொன்றாக, குனிந்திருந்த அவன் முதுகின் பக்கம் திரும்பின.