பதினேழாம் பக்கத்து மீன்கள்

அந்தச் சலவைக்கூடத்தின் முதலாளியை ஊழியர்கள் தங்களுக்குள் 'மடிப்பு' என்றுதான் சொல்வார்கள். காலையில் சட்டையில் வைத்த மடிப்பு மாலை வரை கலையாது. எல்லாரும் நீராவியில் வெந்துகொண்டிருக்கும் இடத்தில் இது எப்படி முடிகிறது என்று புதிதாக வந்தவர்கள் வியப்பார்கள். பழையவர்களுக்குக் காரணம் தெரியும். அவர் நீராவிப் பக்கம் போவதே இல்லை. கண்ணாடித் தடுப்பு போட்ட அறையில் காற்றாடிக்கு நேர் கீழே உட்கார்ந்து, வெளியே நடப்பதை மீன்தொட்டியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கூடத்துக்குள் நடப்பதெல்லாம் அவருடைய அக்காவின் பொறுப்பு. அழுக்குத் துணியைத் தரம் பிரிப்பது முதல் மடித்துக் கட்டி வண்டியில் ஏற்றுவது வரை முப்பத்தொரு பேரையும் அக்காதான் மேய்த்தாள். தம்பிக்குப் பத்திரிகை படிக்க நேரம் கிடைத்ததும் அதனால்தான். ஆனால் கூடம் இப்படி ஓடுவது தன் தலைமைப் பண்பினால் என்று மடிப்பு மனமார நம்பியிருந்தார்.

அந்த நம்பிக்கையில் ஓட்டை போட்டது மருத்துவமனையிலிருந்து வந்த ஒரு கடிதம். லாபத்தோடு சேர்த்து மனிதர்களுக்கும் மண்ணுக்கும் நல்லது செய்கிற நிறுவனம் என்று சான்றிதழ் வாங்கியவர்களுக்கு மட்டும்தான் அடுத்த ஆண்டிலிருந்து வேலை தரப்படும் என்று அதில் இருந்தது. கூடத்துக்கு வரும் துணியில் மூன்றில் இரண்டு பங்கு அந்த மருத்துவமனையினுடையது. அது போனால் இருபது பேரையாவது வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அன்றைக்கு மடிப்பு பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்ததாகத் தேநீர் கொண்டுபோனவர் சொன்னார்.

நல்லது செய்வது நமக்கென்ன புதிதா என்று அவர் மனைவியிடம் தைரியமாகத்தான் சொன்னார். அப்படியானால் ஒன்றைச் சொல்லுங்கள் என்று அவள் கேட்டாள். சாப்பாடு ஆறும்வரை யோசித்தார். ஒன்றும் அகப்படவில்லை. அதற்குள் மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான்.

மச்சான் நாற்காலி விற்றுப் பார்த்தவன், காப்பீடு விற்றுப் பார்த்தவன், கடைசியில் ஆலோசனை விற்க வந்தவன். ஆலோசனைக்குக் கிடங்கு வாடகை கிடையாது, விற்காவிட்டாலும் கெட்டுப்போகாது என்பது அவன் கண்டுபிடிப்பு.

"அத்தான், சான்றிதழ்ங்கறது ஒண்ணுமில்ல. கொள்கை வேணும், அவ்வளவுதான். கொள்கை எத்தனை பக்கமோ அத்தனை மார்க்" என்றான்.

ஒன்பதே நாளில் நூற்றுப் பன்னிரண்டு பக்கக் கோப்பு ஒன்று வந்தது. தடித்த அட்டை, அதில் தங்க எழுத்தில் சலவைக்கூடத்தின் பெயர். மடிப்பு அதைக் கையில் வாங்கி எடை பார்த்தார். கனமாக இருந்தது. கனமாக இருந்ததால் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

அதன்பின் கூடம் நல்லதாக மாறத் தொடங்கியது. இரண்டு கைகள் உலக உருண்டையைத் தாங்குகிற படம் வாசலில் தொங்கியது. எட்டுத் தொட்டிகளில் பிளாஸ்டிக் செடிகள் வந்தன. தண்ணீரே ஊற்ற வேண்டாத செடி என்பதால் இதையும் நீர்ச் சேமிப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்றான் மச்சான். உருளை இஸ்திரி இயந்திரத்துக்குப் பக்கத்துச் சுவரில் யாரோ சாக்பீஸால் கோடு கோடாகக் கிறுக்கியிருந்ததைப் பார்த்து முகம் சுளித்து, சுவர் முழுக்கப் பச்சை வண்ணம் அடிக்கச் சொன்னான். அக்கா ஏதோ சொல்ல வந்தாள். "எல்லாம் சான்றிதழுக்காகக்கா" என்றார் மடிப்பு. அக்கா வாயை மூடிக்கொண்டாள். இருபது பேர் விஷயம் அவளுக்கும் தெரியும். தம்பி மனைவி அன்றைக்கே சொல்லியிருந்தாள்.

கடைசியாக, கோப்பைப் படித்தோம், அதன்படி நடப்போம் என்று முப்பத்தொரு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றான் மச்சான். முப்பது பேர் போட்டார்கள். உருளை இஸ்திரியில் நிற்பவருக்கு மட்டும் படிக்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் இல்லை. எல்லாரும் அவரை 'ரோலர்' என்றே கூப்பிடுவார்கள். கூப்பிடுவது அவருக்குக் கேட்காது. பிறவியிலேயே காது கேளாதவர். மற்றவர்கள் அரட்டையடிக்கும் நேரத்தில் கையில் அகப்பட்டதையெல்லாம் படிப்பவர். மூன்று நாள் எடுத்துக்கொண்டு நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் படித்து முடித்து, கையெழுத்துப் போட்டு, கூடவே ஒரு துண்டுச் சீட்டையும் முதலாளியிடம் நீட்டினார். ஏதாவது விடுப்பு விஷயமாக இருக்கும் என்று மடிப்பு அதைப் பிரிக்காமலே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பையிலிருந்த மற்றக் காகிதங்களோடு அதுவும் தினமும் சட்டை மாறிக்கொண்டிருந்தது.

சான்றிதழுக்காகத் தணிக்கை செய்ய வருபவர் கோட்டும் டையுமாக இறங்குவார் என்று மடிப்பு வாசலிலேயே நின்றார். துணிப்பையும் ரப்பர் செருப்புமாக ஒரு நடுத்தர வயது அம்மாள் உள்ளே நுழையப் பார்த்தாள். அழுக்குத் துணி போட வந்தவள் என்று நினைத்து, பின்பக்கமாகப் போகச் சொன்னார். அவள் தணிக்கை அடையாள அட்டையைக் காட்டிய பிறகு அவருடைய முகத்தில் அன்றைய முதல் மடிப்பு கலைந்தது.

அந்த அம்மாள் உலக உருண்டைப் படத்தைப் பார்த்தாள். பிளாஸ்டிக் இலை ஒன்றை விரலால் தட்டிப் பார்த்தாள். கண்ணாடி அறையில் உட்கார்ந்து அரைமணி நேரம் கோப்பைப் புரட்டினாள். மச்சான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பக்கத்துக்கும் தலையாட்டினான். அக்காவும் ஒரு கேள்வி வந்தால் பதில் சொல்ல என்று கதவருகே நின்றாள்.

"பதினேழாம் பக்கத்துல ஒரு உறுதிமொழி இருக்கு. போன வருஷம் அதை எத்தனை தடவை செஞ்சிருப்பீங்க?" என்று நிமிர்ந்தாள் அந்த அம்மாள்.

மடிப்பு மச்சானைப் பார்த்தார். மச்சான் கூரையைப் பார்த்தான். குறைவாகச் சொன்னால் மார்க் போய்விடும், அதிகமாகச் சொன்னால் நம்பமாட்டாள் என்று நொடியில் கணக்குப் போட்டார் மடிப்பு.

"நாற்பது தடவை, மேடம். இந்த வருஷம் இன்னும் கூடும்."

அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்க வாசித்தாள். "வலையில் சிக்கும் வளர்ச்சியடையாத மீன்களை உயிருடன் கடலுக்குள் திரும்ப விடுவோம்."

கதவருகே அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மச்சான், இது ஒரு குறியீடாக எழுதப்பட்டது என்று தொடங்கினான். அந்த அம்மாள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவனுக்கு அவசரமாக யாருக்கோ போன் செய்ய வேண்டியிருந்தது. வெளியே போனான். அன்றைக்கு அவன் திரும்பவில்லை.

மடிப்பின் கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போனது. அந்தத் துண்டுச் சீட்டு அகப்பட்டது. பிரித்தார். ரோலரின் உருண்டையான கையெழுத்து: 'ஐயா, பதினேழாம் பக்கத்துக்காக நமக்கு வலை எத்தனை வாங்க வேண்டும்?'

மீன் பிடிக்கும் ஏதோ ஒரு கம்பெனிக்கு எழுதிய கோப்பை வாங்கி, மச்சான் அட்டையை மட்டும் மாற்றியிருக்கிறான். நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் படித்த ஒரே ஆள், காது கேளாத அந்த மனிதர்தான். அவர் முன்கூட்டியே கேட்டும் இருக்கிறார். பதில் சொல்ல வேண்டியவர் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு இத்தனை நாள் திரிந்திருக்கிறார்.

மடிப்பு அந்தச் சீட்டை மேஜைமேல் வைத்து அந்த அம்மாள் பக்கம் நகர்த்தினார்.

"நான் இதைப் படிக்கல மேடம். கோப்பையும் படிக்கல, இந்தச் சீட்டையும் படிக்கல. நாற்பதுன்னு சொன்னது பொய். இந்தச் சான்றிதழ் இல்லாட்டி இருபது பேருக்கு வேலை போயிடும். அந்தப் பயத்துல சொல்லிட்டேன்."

சீட்டைப் படித்த அந்த அம்மாளின் உதட்டோரம் லேசாக அசைந்தது. கோப்பை மூடி நாற்காலிக்குக் கீழே வைத்தாள்.

"இன்னைக்கு நீங்க சொன்னதுல எழுதிக்கற மாதிரி இருக்கறது இது ஒண்ணுதான், சார். சரி, கோப்பு போகட்டும். இங்க நிஜமா என்ன செய்யறீங்களோ அதைக் காட்டுங்க."

அங்கேதான் வம்பு. நிஜமாக என்ன செய்கிறார்கள் என்று மடிப்புக்குத் தெரியாது. அக்காவைப் பார்த்தார். அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னே நடந்தாள். பல வருடத்துக்குப் பிறகு மடிப்பு தன் சொந்தக் கூடத்துக்குள், வந்த விருந்தாளிக்கும் பின்னால் மூன்றாவது ஆளாக நுழைந்தார்.

அந்த அம்மாளிடம் கூடத்தின் தண்ணீர் ரசீதுகள் இருந்தன. இந்த அளவு துணிக்கு இவ்வளவு குறைந்த தண்ணீரா, மீட்டரை யாராவது ஏமாற்றுகிறார்களா என்று நேராகவே கேட்டாள். அக்கா சோப்பு பீப்பாய்கள் அடுக்கியிருந்த மூலைக்குப் போய் இரண்டைத் தள்ளினாள். பின்னால் ஒரு குழாயும் பெரிய தொட்டியும் இருந்தன. மடிப்புக்கு அந்தக் குழாயைத் தெரியும். இரண்டு தடவை அதைப் பிடுங்கி எறியச் சொன்னவர் அவர்தான். பழைய தண்ணீரில் துவைக்கிறார்கள் என்று ஊருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்று கத்தியிருந்தார். இரண்டு தடவையும் அவர்கள் பிடுங்கினார்கள். மூன்றாம் தடவை பீப்பாய்க்குப் பின்னால் பொருத்தினார்கள்.

"கடைசி அலசல் தண்ணி மேடம், கிட்டத்தட்ட சுத்தமாத்தான் இருக்கும். சாக்கடையில விட மனசு வரல. அடுத்த லோடுக்கு முதல் ஊறலுக்கு மட்டும் எடுத்துக்கறோம். அப்புறம் சோப்பு, சுடுதண்ணி, அலசல் எல்லாம் புதுத் தண்ணிதான்" என்றாள் அக்கா. பிறகு தம்பியைப் பார்த்து, "கத்தறதா இருந்தா மேடம் போனதும் கத்திக்கடா" என்றாள்.

அந்த அம்மாள் ஒரு கண்ணாடிக் குவளையில் தொட்டித் தண்ணீரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பரிசோதனைத் தாளை முக்கினாள். இரண்டு பக்கம் எழுதினாள்.

உருளை இஸ்திரி பக்கம் வந்தார்கள். அங்கே நிற்பது அடுப்புக்குள் முகத்தை விட்டுக்கொண்டு நிற்பது மாதிரி. அந்த நேரத்தில் துணி மடிக்கும் மேஜையிலிருந்த ஒரு பெண் மஞ்சள் துவாலை ஒன்றைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டினாள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ரோலரும் இன்னொருத்தியும் இயந்திரத்தை விட்டு விலகி, தண்ணீர் குடித்து, மடிக்கும் மேஜைக்குப் போனார்கள். அங்கிருந்து இருவர் இங்கே வந்தார்கள்.

நாற்பது நிமிடத்துக்கு மேல் யாரும் சூட்டில் நிற்கக்கூடாது என்று அவர்களே போட்டுக்கொண்ட ஏற்பாடு அது. மணி அடித்தால் ரோலருக்குக் கேட்காதே, அதனால் துவாலை. முதுகுவலிக்காரி ஒருத்தியின் முறையை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். இதெல்லாம் எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"அந்தச் சுவத்துல எழுதியிருந்துச்சு" என்றாள் அக்கா.

மூவரும் பச்சைச் சுவரைப் பார்த்தார்கள். வண்ண வாசனை இன்னும் போகவில்லை. மடிப்பு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த மூன்று வாரமும் அவர் சரியாகத் தூங்கவில்லை. நீராவிப் பக்கம் அடிக்கடி போய் நின்றார். எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமல் நின்றார். சட்டை தொப்பலாக நனைந்தது. தினமும் மாற்றுச் சட்டை கொண்டுபோகச் சொன்ன மனைவி, இத்தனை வருடம் கழித்து மனுஷனுக்கு வியர்க்கிறது என்று நாத்தனாருக்குப் போன் செய்து மகிழ்ந்தாள்.

கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் வந்தது. தேவையானது எழுபது. கிடைத்தது எழுபத்திரண்டு. சான்றிதழோடு விவரத்தாள் ஒன்றும் இருந்தது. நீர்ப் பயன்பாடும் ஊழியர் நலனும் நிறுவனத்தையே தூக்கி நிறுத்தியிருந்தன. 'நிர்வாகம்' என்ற தலைப்பில் இருபதுக்கு மூன்று. அந்த மூன்றும் 'கேட்டபோது உண்மையை ஒப்புக்கொண்டதற்காக' என்று அடிக்குறிப்பு சொன்னது.

மச்சான் போனிலேயே பாராட்டுரை ஒன்று எழுதித் தருவதாகச் சொன்னான். நாலு பக்கம், தொடக்கத்தில் கைதட்டலுக்கு இடம் விட்டிருக்கும். மடிப்பு போனை வைத்துவிட்டார். சான்றிதழைவிட விவரத்தாளே பெரிதாகத் தெரிகிற மாதிரி இரண்டையும் எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் போனார்.

பேச வாய் திறந்தார். யாரைப் பார்த்து இத்தனை வருடம் கத்தினாரோ அவர்கள் அத்தனை பேரும் பதறிப்போய்க் கையிலிருந்ததை வைத்துவிட்டு நின்றார்கள். ரோலர் மட்டும், நடப்பது புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மடிப்பு சட்டைப் பையிலிருந்து, தணிக்கைக்கு வந்த அம்மாள் திருப்பிக் கொடுத்திருந்த அந்தப் பழைய துண்டுச் சீட்டை எடுத்தார். அதன் பின்பக்கத்தில், மடிக்கும் மேஜைமேல் வைத்து எழுதினார்: 'வலை வேண்டாம். யாருக்கும் வேலை போகாது. என் கூடத்தை என்னிடமிருந்து காப்பாற்றியதற்கு உங்கள் எல்லாருக்கும் நன்றி. இனி எந்தச் சீட்டு வந்தாலும் அன்றைக்கே படிப்பேன்.'

முதலில் ரோலரிடம் கொடுத்தார். அவர் இரண்டு தடவை படித்தார். சிரித்தார். பக்கத்தில் நின்ற முதுகுவலிக்காரியிடம் கொடுத்தார். வேலை போயிருந்தால் முதலில் போகவேண்டியவளாக இருந்தவள் அவள்தான். படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சீட்டு ஈரக் கையிலிருந்து ஈரக் கைக்குப் போய்க்கொண்டே இருந்தது. தேநீர்க்காரர் வரைக்கும் போய், கடைசியில் அக்காவிடம் வந்தபோது எழுத்து பாதி கலங்கியிருந்தது.

அக்கா அதைப் படித்து, தன் ரவிக்கைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். தம்பிக்குத் திருப்பிக் கொடுக்கிற எண்ணம் அவளுக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

"இப்பவாவது குழாயைப் பீப்பாய்க்கு முன்னாடி வைக்கலாமா?"

"வைக்கலாம்க்கா. நல்லாத் தெரியற மாதிரி வை."

ரோலர் ஒரு சாக்பீஸை எடுத்துச் சுவருக்குப் போனார். முறைப்பட்டியலைப் புதிதாக எழுதத் தொடங்கினார். பச்சையில் வெள்ளை எழுத்து முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது. மச்சான் செய்த வேலைகளில் உருப்படியாக முடிந்தது அந்தச் சுவர் ஒன்றுதான். முப்பத்தொரு பெயரையும் எழுதிவிட்டு, சாக்பீஸை நீட்டியபடி திரும்பி முதலாளியைப் பார்த்தார்.

மடிப்பு ஒரு கணம் தயங்கினார். பிறகு சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டு போய், முப்பத்திரண்டாவதாகத் தன் பெயரை எழுதினார். மடிக்கும் மேஜையிலிருந்து மஞ்சள் துவாலை உயர்ந்தது.