பேராசிரியரின் கற்பனை லட்சம்

சலவைக் கடையில் துணிகளுக்கு அடையாளச் சீட்டுக் குத்துகிறவருக்குப் பேராசிரியர் என்று பட்டம். யார் கொடுத்தது என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். உண்மையில் அவரே சூட்டிக்கொண்டதுதான். அவர் எடுக்கும் பாடம் கைப்பேசியில் ஆடுகிற கலர் ஆட்டம். அடுத்து வருவது சிவப்பா, பச்சையா, ஊதாவா என்று நிமிடத்துக்கொரு தடவை பணம் கட்டுகிற விளையாட்டு.

“எல்லாரும் கலரைப் பார்க்கறாங்க, நான் முதலைப் பார்க்கறேன்,” என்பார், பல்லிடுக்கில் குண்டூசியோடு. “கையில இருக்கறதுல நூத்துல ஒரு பங்கு. அதுக்கு மேல சல்லிக்காசு கட்டக் கூடாது. தோத்ததைப் பிடிக்க ரெட்டிப்பா கட்டறவன் உருப்படவே மாட்டான்.”

கடைசி வரி கறை எடுக்கிறவருக்கு. அவர் தலையைக் குனிந்துகொண்டு ஒரு சட்டைக் காலரைத் தேய்ப்பார். ரெட்டிப்பு வழியில் தன் சம்பளத்தில் பாதியைத் துடைத்தெடுத்துத் தொலைத்த சுத்தத்தில் அவர் எந்தக் கறையையும் எடுத்ததில்லை.

பேராசிரியருக்கு மட்டும் தெரிந்த ஒரு சங்கதி உண்டு. அவர் இதுவரை ஒரு பந்தயம்கூடக் கட்டியதில்லை. மனசுக்குள் ஒரு லட்சம் வைத்திருந்தார். அடுத்தவர் கைப்பேசியை எட்டிப் பார்த்து, தடவைக்கு ஆயிரம் என்று மனசாலேயே கட்டி, அதை மூன்று லட்சமாக்கியும் விட்டார். பயம் என்று அதைச் சொல்ல அவர் விரும்பவில்லை. ஒழுக்கம் என்று நல்ல வார்த்தை ஒன்று இருக்கும்போது ஏன் சொல்ல வேண்டும்?

வினை இஸ்திரி அறையிலிருந்து வந்தது. நாள் முழுக்க ஆவியில் நிற்கிற இஸ்திரி அக்கா ஒரு ஃபேன் கேட்டாள். “காத்து வேணும்னா ஜன்னலைத் திறங்க,” என்றார் முதலாளி. ஜன்னல் திறப்பது கொதிகலன் பக்கம். ஆகவே வேன் டிரைவரையும் சேர்த்து கடையாட்கள் நால்வரும் எண்ணூறு திரட்டினார்கள். நின்று சுழலும் ஃபேன் ஒன்று ஆயிரம்.

“இருநூறுதானே? பேராசிரியர் கையில குடுங்க, சாப்பாட்டு நேரத்துல ஆக்கிடுவாரு,” என்றார் வேன் டிரைவர். “அவர் கட்டற கலர்லயே நாமளும் ஆளுக்கு ஐம்பது தனியா போடுவோம். போனா போகட்டும்.”

“நெஜமாவே முடியுமாண்ணே?” என்றாள் அக்கா. “நின்னு வேகறது நான்.”

முடியாது என்று சொல்லத்தான் பேராசிரியர் வாயைத் திறந்தார். “இதெல்லாம் ஒரு விஷயமா?” என்று வந்தது.

மத்தியானம் இஸ்திரி அறையில் சாப்பாட்டுப் பாத்திரங்களை ஓரம் தள்ளிவிட்டு மூவரும் அவரைச் சூழ்ந்து உட்கார்ந்தார்கள். எண்ணூறும் கறை எடுக்கிறவரின் கைப்பேசிக் கணக்கில் ஏறத் தயாராக இருந்தது. பச்சையைத் தொட்டார் பேராசிரியர். ஃபேன் இல்லாத அறையில் அக்காவைவிட அவருக்குத்தான் அதிகம் வியர்த்தது. எவ்வளவு என்று திரை கேட்டது.

“எண்ணூத்துல நூத்துல ஒரு பங்கு, எட்டு,” என்று தட்டினார்.

குறைந்தபட்சத் தொகை பத்து என்றது திரை.

பேராசிரியர் விழித்தார். அவருடைய கற்பனை லட்சத்திடம் இப்படி யாரும் நிபந்தனை பேசியதில்லை.

“ரெண்டுதானேண்ணே கூட? பத்தே போடுங்க,” என்றார் டிரைவர்.

“முடியாது!” பயத்தில் வந்த குரல்தான், ஆனால் கம்பீரமாக ஒலித்தது. “இன்னைக்கு ரெண்டுக்கு வளைஞ்சா நாளைக்கு இருநூறுக்கு வளைவோம். விதின்னா விதி.”

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “சரிண்ணே, உங்க விதிப்படி பத்து கட்டணும்னா கையில எவ்வளவு இருக்கணும்?”

“ஆயிரம்.”

“ஆயிரம் இருந்தா நான் எதுக்குக் கலர் பார்க்கணும்? ஃபேன் முன்னாடி நிப்பேன்ல!”

முதலில் சிரித்தது கறை எடுக்கிறவர். அவர் சிரித்து வெகுநாளாகியிருந்தது. டிரைவருக்குப் புரை ஏறியது.

“போனா போகட்டும்னு வச்ச ஐம்பதை எடுங்க,” அக்கா கையை நீட்டினாள். “இந்தா, என்னோடது. ம், அண்ணே, நீங்களும்தான்.”

பேராசிரியரின் பர்ஸிலிருந்து, கலர் ஆட்டத்தின் பேரால், முதன்முதலாக நிஜப் பணம் வெளியே வந்தது. வரும்போது கொஞ்சம் முரண்டு பிடித்தது.

சாயங்காலத்துக்குள் டிரைவர் வேனிலேயே ஃபேனைக் கொண்டுவந்து இறக்கினார். சுழன்ற வேகத்தில் மடித்து வைத்த சேலைகளின் முந்தானை படபடத்தது. பேராசிரியர் அதன் முன்னால் நின்று விரலை உயர்த்தினார்.

“பார்த்தீங்கல்ல? ஒரு ஆட்டம்கூட ஆடாம எண்ணூறை ஆயிரமாக்கிக் காட்டினேன். இதுக்குப் பேர்தான் உத்தி!”

 

“உத்தி இருக்கட்டும்ணே,” என்றாள் அக்கா, “காத்தை மறைக்காம கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”