மிடில் குமிழ் பூஜ்யத்தில் இருந்த காலம்

தன் கிடார் ஆம்ப்பில் மிடில் என்று எழுதியிருந்த குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பி வைத்த வாரத்திலிருந்து, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த பெண், தன்னோடு சேர்த்து மூன்று பேரோ அதற்கு மேலோ கூடிய எந்த இடத்திலும் கண்ணுக்குத் தெரியாமல் போனாள். குரலும் கேட்காது. எதிரே ஒரே ஒருவர் இருந்தால் எந்தக் குறையும் இல்லை. முழுசாகத் தெரிவாள், சிரிப்பாள், வெயிலைப் பற்றி அலுத்துக்கொள்வாள். மூன்றாவது ஆள் வாசலில் கால் வைத்ததும் அவள் நின்ற இடத்தில் சுவர் தெரியும். அதே வாரத்தில்தான் எங்கள் தெருவில் பால் விலையும் ஏறியது. அதனால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆம்ப் என்றதும் மேடையில் நிறுத்துகிற பீரோவை நினைத்துவிட வேண்டாம். இது கிடார் ஒலியைப் பெருக்கிக் கொடுக்க, வீட்டில் பழகுவதற்கென்று செய்த சின்னப் பெட்டி, முக்காலி உயரம்கூட இராது. தலையில் வரிசையாகக் குமிழ்கள்: கெய்ன், பேஸ், மிடில், ட்ரெபிள், ரிவர்ப், வால்யூம். விற்ற கடைக்காரர் நல்ல மனிதர். “எல்லாத்தையும் அஞ்சுல வெச்சு ஆரம்பிங்க. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் திருப்புங்க, அப்பத்தான் எது என்ன பண்ணுதுன்னு தெரியும்” என்று சொல்லியனுப்பினார். இந்த மாதிரி யோசனைக்கு எல்லாரும் எப்படித் தலையாட்டுவார்களோ அப்படியே அவளும் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திருகினாள். பேஸைப் பத்துக்கு ஏற்றியதும் அலமாரியிலிருந்த தம்ளர்கள் விளிம்புவரை நடந்து வந்து எட்டிப் பார்த்தன. ட்ரெபிளை ஏற்றியதும் கம்பிகள் புதுக்காசு போலக் கலகலத்தன. எதிரொலி சேர்க்கிற ரிவர்ப்பைக் கூட்டிய அன்று, காலையில் அம்மா போட்ட தும்மல் மத்தியானம் ஒருமுறை திரும்ப வந்துவிட்டுப் போனது. நடுத்தர ஒலிகளைக் கூட்டிக் குறைக்கிற மிடில் மட்டும்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஜலதோஷக்காரன் தகர டப்பாவுக்குள் முகத்தை விட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. சனியன் தொலையட்டும் என்று அதைப் பூஜ்யத்தில் தள்ளினாள். உடனே கட்டிலும் துணிக்கொடியுமாக இருந்த அந்தச் சின்ன அறை பெரிய மண்டபம் ஆகிவிட்டது. ஒரு கம்பியைத் தட்டினால் ஒலி எங்கோ உயரத்தில் போய் நின்று நிதானமாக இறங்கியது. நாள் முழுக்க “இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா” என்று ஊரார் கண்ணுக்குக் கண்ணாடி மாற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தவளுக்கு, தனக்கென்று ஒன்று இவ்வளவு அழகாகக் கிடைத்ததில் அழுகை வந்துவிட்டது.

காணாமல் போவது ஆரம்பத்தில் அவளுக்குச் சௌகரியமாகவே இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. கூட்டமான பஸ்ஸில் அவள் மடிமேலேயே இரண்டொருவர் உட்கார்ந்துவிடுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் கல்யாணப் பேச்சை எடுக்கிறவர்கள் எப்போதும் இருவராகத்தான் வருவார்கள், வந்தவர்கள் வெறும் நாற்காலியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கடையில் கணவனும் மனைவியுமாக வந்தால் கண்ணாடி தானாகவே காற்றில் வந்து மூக்கில் உட்காரும். புது மிஷின் என்று நினைத்துக்கொண்டு பக்கத்து வீட்டாரையும் அனுப்பி வைத்தார்கள். வியாபாரம் பெருகியதால் முதலாளியும் வாயைத் திறக்கவில்லை.

சங்கடம் வந்தது அம்மா விஷயத்தில். கண்ணாடிக் கடைப் பெண்தான் வீட்டுக்குக் கடைசி, எல்லாருக்கும் சின்னவள். இடுப்பெலும்பு முறிந்து வாக்கர் பிடித்து நடக்கிற அம்மாவை அவள்தான் வைத்துக்கொண்டிருந்தாள். அண்ணனும் அக்காவும் குடும்பத்தோடு வேறு வேறு பேட்டைகளில் இருந்தார்கள், முடிந்தபோது பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். அவர்களில் ஒருவர் உள்ளே நுழைந்தாலே வீட்டில் மூன்று பேர் ஆகிவிடும். அம்மா, வந்தவர், கண்ணுக்குத் தெரியாத சின்னவள். மூன்று வருஷம் அவர்கள் பார்த்ததெல்லாம், அடுப்பில் பால் தானாகப் பொங்க, நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருக்கும் அம்மாவைத்தான். “எங்க அவ? எப்ப வந்தாலும் வீட்ல இருக்கறதில்ல” என்பாள் அக்கா. “இதோ உன் பக்கத்துலதாண்டி நிக்கறா, நல்லாப் பாரு” என்பாள், அவர்கள் நுழையும்வரை அவளைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா. அக்கா அண்ணனைப் பார்ப்பாள், அண்ணன் தரையைப் பார்ப்பான். அம்மாவுக்குப் புத்தி தடுமாற ஆரம்பித்துவிட்டது என்று படியிறங்கும்போது இருவரும் பேசிக்கொண்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

இதற்கு நடுவில் தெருமுனைப் பேக்கரிக்காரர் மாவு மூட்டைகள் அடுக்கிய பின்னறையில் சாயங்காலம் ட்ரம்ஸ் வாசிப்பது தெரிந்து, அவள் ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு அங்கே போனாள். இருவர் மட்டும் வாசித்தவரை நன்றாகவே போயிற்று. ஒருநாள் பஸ் டிரைவர் ஒருவர் பேஸ் கிடாரோடு வந்து சேர்ந்தார், அவ்வளவுதான், இவள் மறைந்துபோனாள். “கிடார் வாசிக்கறவங்க வருவாங்கன்னீங்களே?” என்று டிரைவர் கேட்க, “இப்பத்தாங்க இருந்தாங்க” என்று பேக்கரிக்காரர் மூட்டைகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வால்யூமைப் பத்தாக்கினாள், பன் தட்டுகள் மட்டும் குதித்தன. ட்ரெபிளை முறுக்கினாள், டிரைவர் கொசு என்று காதைத் தட்டிக்கொண்டார். பேஸைக் கூட்டினாள், அது அவருடைய பேஸ் கிடாரிலேயே கரைந்துபோயிற்று. மிச்சம் இருந்தது தொடவே பிடிக்காத அந்த ஒரு குமிழ். மூன்றுக்குக் கொண்டுவந்ததும் முழங்கை தெரிந்தது. ஐந்தில் முகம். “அட, நீங்க எப்ப வந்தீங்க?” என்றார் டிரைவர். “நடுவுல இருக்கற சத்தத்தையெல்லாம் நீங்களே குறைச்சு வெச்சிருந்தீங்களா?” என்று பேக்கரிக்காரர் சிரித்தார். “பேச்சு, பாட்டு எல்லாமே அங்கதாங்க இருக்கு. தனியா வாசிச்சா அது இல்லாதது தெரியாது.” அவள் அன்று ஒழுங்காக வாசித்துவிட்டுத்தான் வந்தாள். ஆனால் வீட்டில் போட்டுப் பார்த்தால் மண்டபத்தைக் காணோம், மூக்கடைத்த ஓர் அறைதான் இருந்தது. மனசு கேட்காமல் மறுபடியும் பூஜ்யத்துக்கே திருப்பினாள். அவளைச் சொல்லி என்ன, அழகை விடுவது லேசா?

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அக்காவும் சேர்ந்தே வந்தார்கள், கீழே வாடகைக் கார் நின்றது. ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பிடித்திருந்தார்கள். “மரமெல்லாம் இருக்கும்மா, கூடவே நர்ஸ் இருப்பாங்க. இங்க இப்படி ஒத்தையா உன்னைப் போட்டு வைக்க எங்களுக்கு மனசு வரல” என்று சொல்லும்போதே அக்காவின் குரல் உடைந்தது. “நான் ஒத்தையா இல்ல” என்றாள் அம்மா. அதைத்தான் அவள் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா புடவைகளை மடித்துப் பையில் வைத்தாள். சின்னவள் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டாள், அக்கா தன் கைநடுக்கம் என்று நினைத்துத் திரும்பத் திரும்ப உள்ளே வைத்தாள். அண்ணன் பையைத் தூக்கினான், சின்னவள் மறுபக்கக் காதைப் பிடித்து இழுத்தாள். “எங்கயோ மாட்டிக்கிச்சு” என்று அவன் ஓர் உதறு உதறினான். அவள் தொண்டை கிழியக் கத்தினாள், ஒருவர் காதிலும் விழவில்லை. அம்மாவைக் கைத்தாங்கலாக எழுப்பினார்கள். வாக்கரின் கால் வாசற்படியில் டொக்கென்று இடித்தபோது, சின்னவள் அறைக்குள் ஓடி மிடில் குமிழைப் பத்துவரை திருப்பினாள், அது இன்னும் போகுமா என்றும் அழுத்திப் பார்த்தாள்.

வெளியே வந்தவளை மூன்று பேரும் பார்த்தார்கள். நெற்றிப் பரு, இமைக்குக் கீழே கருப்பு, ஒழுங்காக வாராத தலை, எல்லாம் தேவைக்கு மேலேயே தெரிந்தன. “அம்மா எங்கயும் வரமாட்டா! குளிக்க வைக்கறது நானு, நடக்க வைக்கறது நானு, அவகிட்ட திட்டு வாங்கறதும் நானு. இதை விட்டுட்டுப் போறதுக்கு அவளுக்கும் இஷ்டமில்ல, எனக்கும் இஷ்டமில்ல!” அந்தக் குரல் கரகரத்து, மூக்கால் வந்து, எதிர்வீட்டு ஜன்னலைத் திறக்க வைத்தது. அண்ணன் பையைக் கீழே போட்டான். அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, “எதுக்குடி இப்படிக் கத்தறே? இங்கதானே நிக்கறோம்!” என்றாள். கத்தாதே என்று அவளிடம் ஒருவர் சொல்லி எத்தனை காலமாயிற்று! சின்னவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அந்த அழுகையும் காது கூசும்படிதான் இருந்தது, அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அதைப் பக்கத்திலிருந்தே கேட்டாள். “இத்தனை நாள் எங்கடி இருந்தே?” என்றான் அண்ணன். “இங்கதான்.” “நாங்க பாக்கலையே” என்று அவன் சொன்னபோது அவன் கண்ணும் கலங்கியிருந்தது. கார் டிரைவர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோய், காலி வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகு அந்தக் குமிழ் பெரும்பாலும் ஆறில் நின்றது. கண்ணாடிக் கடையில் மிஷின் கெட்டுவிட்டதா என்று வாடிக்கையாளர்கள் கேட்டுக் கொஞ்ச நாள் நச்சரித்தார்கள், பிறகு மறந்துபோனார்கள். இப்போது அண்ணன் சனிக்கிழமைதோறும் வந்து அம்மாவை மாடிப்படி இறக்கி ஏற்றுகிறான், அக்கா அம்மாவிடம் திட்டு வாங்குவதில் பங்கு கேட்டுச் சண்டை போடுகிறாள். மண்டபத்தைச் சின்னவளால் முழுசாக விட முடியவில்லை. வாரத்தில் ஒரு சாயங்காலம் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மிடிலைப் பூஜ்யத்துக்கு இறக்குவாள். அந்த நேரம் யாராவது வந்தால் அம்மா நாற்காலியைக் காட்டி, “உள்ளதான் இருக்கா, கொஞ்ச நேரத்துக்குத் தெரியமாட்டா. உக்காருங்க, வந்துருவா” என்பாள். வந்தவர்களும் உட்கார்ந்திருப்பார்கள்.