மாலைக்கு ஒரு படம்

மூன்று குடம் நீர் ஊற்றிய பின்னும் அண்ணன் சங்கரலிங்கத்தின் உடலிலிருந்து அந்தப் பூண்டு வாடை போகவில்லை என்றே சுப்புராஜுக்குத் தோன்றியது. வீட்டில் அன்று அடுப்பே மூட்டவில்லை. மட்டாஞ்சேரி மிளகுக் கிட்டங்கியில், மூட்டைகளை மூடிய தார்ப்பாயின் அடியில் பூண்டு வாடையடிக்கும் பூச்சி மாத்திரை வைப்பது அண்ணனின் வேலை. கப்பலேறும் மிளகில் ஒரு வண்டுகூட உயிரோடிருக்கலாகாது. முந்தின நாள் மூச்சு முட்டுகிறதென்று வந்து படுத்தவர், விடியும்வரை இருக்கவில்லை.

மாலையிட ஒரு படம் தேடினார்கள். கலியாணப் படம், கடல் பொங்கி வேலியேற்றத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்த ஆண்டிலேயே கரைந்துபோயிருந்தது. அந்நேரம் சூப்பர்வைசர் ஷாஜி, சட்டமிட்ட படமொன்றோடு வந்து சேர்ந்தார். போன மாதம் வெளிநாட்டுக்காரர்கள் பார்வையிட வந்தபோது எடுத்ததாம். புதுச் சட்டையும் கையுறையுமாக அண்ணன் நின்றார். மூக்கையும் வாயையும் ரப்பர் முகமூடி மறைத்திருந்தது. அதன் ஓரத்தில் சிவப்பு மையில் மூன்று என்று எழுதியிருந்தது.

அண்ணன் மனைவி இசக்கிசெல்வி வெகுநேரம் பார்த்தாள்.

"கண்ணு மட்டுந்தான தம்பி தெரியுது."

சுப்புராஜ் தலை குனிந்தான். அதே கிட்டங்கியில் மூட்டை சுமக்கும் அவன் படமெடுத்த அன்று உடனிருந்தவன். வந்தவர்களின் கார் பஜார் முனை திரும்புமுன் முகமூடிகள் அலமாரிக்குள் போய்ப் பூட்டப்பட்டன. "நம்ம ரெண்டு நாள் கூலிய வெள்ளக்கார சாயிப்பு ஒரு கிண்ணம் சூப்புல தூவிக் குடிக்கான்டா" என்று அன்றைக்கு அண்ணன் இருமிக்கொண்டே சிரித்தார்.

ஷாஜி அவனைச் சந்துக்கு அழைத்தார். யார் கேட்டாலும் பழைய ஆஸ்துமா என்று சொல்வதே எல்லோருக்கும் நல்லது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"வெள்ளியாழ்ச்ச சாயிப்பு பின்னேயும் வரும். சேட்டன் நின்ன இடத்துல இனி நீ நின்னா போதும்."

"மொகமூடி தருவீயளா, ஷாஜி சேட்டா?"

"பின்னே? இன்னா, பிடி." காகிதப் பொட்டலம் ஒன்று கைமாறியது. "போட்டோ எடுத்துக் கழிஞ்சா திருப்பித் தரணும், கேட்டோ."

உள்ளே வந்து பிரித்தான். சிவப்பு மையில் மூன்று.

பிள்ளையில்லாத அண்ணனுக்குக் கொள்ளிச்சட்டி ஏந்த அவனைக் கூப்பிட்டார்கள். பொட்டலத்தை எங்கே வைப்பதென்று அறியாமல் நின்றான். இசக்கிசெல்வி படத்தைப் பார்த்தாள். அவன் கையைப் பார்த்தாள். முகமூடியை மட்டும் வாங்கினாள்.

"அவுக பொழங்குனது அவுகளோட போகட்டும்."

பாடையில் கணவனின் தலைமாட்டில் அதை வைத்துக் கோடித் துணியை இழுத்து மூடினாள்.

சந்தில் ஷாஜியின் பைக் புறப்படாமல் உறுமிக்கொண்டிருந்தது. சுப்புராஜ் கொள்ளிச்சட்டியைக் கையில் எடுத்தான்.