விர்ஜில் கழற்றிய ஸ்பிரிங்

வருஷா வருஷம் என்னைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கும் விர்ஜில் இன்று சிரித்தார். அப்போதே எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒஹாயோவில் கோடை வந்தால் அவருக்குப் புல்வெளிதான் உலகம். உரமும் களைக்கொல்லியும் கலந்து பாய்ச்சுவார். அந்தத் தண்ணீர் தெருக்குழாய்க்குத் திரும்பாமல் தடுக்கும் வால்வைச் சோதிப்பது என் வேலை.

“தண்ணி எப்படிப் பீய்ச்சி அடிக்குது பாத்தியா தம்பி?”

வால்வைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை.

“இதுல இருந்ததெல்லாம் எங்க?”

“அந்த ஸ்பிரிங்கா? அதுதான் தண்ணிய இழுத்துப் பிடிச்சுட்டு இருந்துச்சு. போன வாரம் கழட்டிக் கடாசிட்டேன்.”

“ஸ்பிரிங்கை மட்டும்தான் கழட்டினீங்களா, மூளையையும் சேர்த்தா?”

காலையில் தெருமுனையில் தீயணைப்புக்காரர்கள் பெரிய குழாயைத் திறந்து ஒத்திகை பார்த்தார்கள். அப்படித் தெருக்குழாயில் அழுத்தம் இறங்கினால், தோட்டத்துத் தண்ணீரைக் குழாய் திரும்ப உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். இங்கிருந்து மூன்று வீடு தள்ளித்தான் நான் குடியிருக்கிறேன்.

மனைவி டெஸ்ஸாவுக்கு ஃபோன் போட்டேன். நாலாவது தடவைதான் எடுத்தாள்.

“குழாய்த் தண்ணியத் தொடாதே,” என்று கத்தினேன்.

“மெதுவாப் பேசு,” என்றாள். “பால்மாவு கரைச்சுக் குடுத்தேன். பாப்பா மொத்தத்தையும் குடிச்சுட்டு இப்பதான் தூங்குறா.”