யாரும் தூக்க வேண்டாம்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல வரும்னு தெருவுக்கே தெரியும். கேட்டும் ஜன்னல் கம்பியும் வெல்டிங் பண்ற பட்டறை வச்சிருக்கேன். நாள் முழுக்க நெருப்போட குடித்தனம் நடத்துறவ குளுகுளுன்னு பேசுவாளா? ஆனா அன்னைக்கு நான் கத்துனது நியாயமான கத்தல். நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

என் அண்ணன் மலைப்பாதைப் போட்டியில கார் ஓட்டுறவன். வளைஞ்சு வளைஞ்சு மேல ஏறணும், யார் சீக்கிரம் ஏறுறாங்களோ அவங்களுக்குக் கோப்பை. போன வருஷம் பைக்ல வரும்போது லாரிக்காரன் ஒருத்தன் இடிச்சுட்டான். இடது காலைக் காப்பாத்திட்டாங்க, ஆனா அதுல பலம் இல்ல. ஆஸ்பத்திரியில இருந்து வந்த புதுசுல எல்லாத்துக்கும் அண்ணிதான் தூக்கினா. கட்டில்ல இருந்து நாற்காலிக்கு, நாற்காலியில இருந்து குளியலறைக்கு. ஒருநாள் நானும் அண்ணியும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சப்ப, "இனிமே என்னை யாரும் தூக்க வேண்டாம்"னான். சத்தமாக் கூடச் சொல்லல. அதுக்கப்புறம் விழுந்தாலும் அவனே சுவரைப் பிடிச்சு எழுந்தான். பாத்துக்கிட்டு நிக்கிற எங்களுக்குத்தான் கை துறுதுறுன்னு இருக்கும்.

இந்த வருஷம் மறுபடியும் ஓட்டுறேன்னு கிளம்பினான். அதே பழைய கார்தான். ரெண்டே சீட்டு, கூரை கிடையாது, என்னைவிட வயசுல மூத்தது. போட்டிக்காரங்க ஒரே ஒரு நிபந்தனை போட்டாங்க. ஓட்டுறவர் தானா கதவைத் திறந்து ஏறணும், தானா இறங்கணும், அடுத்தவங்க கை படக் கூடாது. வண்டி தீப்பிடிச்சா யாரு ஓடி வந்து தூக்குவா? நியாயம்தானே. அண்ணன் அதைக் கேட்டுச் சிரிச்சான். "நான் சொன்னதைத்தானே அவங்களும் சொல்றாங்க?"

ஆனா ஏற முடியல. கதவைப் பிடிச்சு உடம்போட பாரத்தைப் போட்டா, கதவு அப்படியே கீழ இறங்குது. ஒரு தடவை வழுக்கி விழுந்தான். "என்னைக்கு நானா ஏறுறேனோ, அன்னைக்குத்தான் இதுல உக்காருவேன்"னு சொல்லிட்டு ஊன்றுகோலை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். அவ்வளவு ரோஷம்.

அண்ணனோட கூட்டாளி ஒரு மெக்கானிக். நாங்க அவனுக்கு வச்ச பேரு அவசரம். காரணம் சொல்லத் தேவையில்ல. இடது காலால மிதிக்க வேண்டிய கிளட்ச்சைக் கையாலயே பிடிக்கிற மாதிரி கியர் தண்டுல ஒரு லீவர் வச்சான். அருமையான வேலை, அதை நான் ஒத்துக்குறேன். இன்ஜினுக்குப் பவர் ஏறணும்னு ரெண்டு கார்புரேட்டர் மாட்டினான், சைலன்சர் குழாயைப் பெரிசாக்கினான். என்னைப் பக்கத்துல உக்கார வச்சு ஓட்டிக் காட்டினான். நேர் ரோட்டுல பறந்துச்சு. வளைவுல திரும்பினதும் வண்டி மொத்தமும் நெளிஞ்சு, எங்கெங்கயோ கீச்சு கீச்சுனு கத்துச்சு. எனக்கு உசுரே போயிட்டு வந்துச்சு.

"இன்னும் கொஞ்சம் பவர் ஏத்தினா சரியாயிடும்"னான்.

"உன் தலை. கூரை இல்லாத வண்டிய்யா இது! மூடியை எடுத்துட்டுச் செருப்புப் பெட்டியைப் பிடிச்சு முறுக்கிப் பாரு, நெளியுதா இல்லையா? முதல்ல உடம்பைக் கெட்டியாக்கு. அப்புறம் வேகத்தைப் பத்திப் பேசு. உடம்பு கெட்டியாச்சுன்னா கதவும் தொங்காது, அவனும் ஏறிடுவான்."

வாயைக் குடுத்தா வேலை நம்ம தலையிலதானே விழும்? ரெண்டு கதவுக்கும் அடியில நீளமா சதுரக் குழாய், நடுவுல பெருக்கல் குறி மாதிரி ரெண்டு குழாய் வச்சு வெல்டிங் பண்றதுன்னு முடிவாச்சு. அண்ணன் ஒவ்வொரு வெல்டிங்கையும் கண்ணால பாக்கணும்னான். அவனால குனிய முடியாது, ஸ்டூல்லதான் உக்காருவான். அதனால அவன் கண்ணு மட்டத்துக்குக் காரை உசரத் தூக்கினோம். அடிவயிறு முழுக்க எனக்கு வேலைக்கு வேணுமேன்னு, முன் மூக்குலயும் பின் வாலுலயும் மட்டும் முட்டுக் கொடுத்து நிறுத்தினான் அவசரம். நான் வெல்டிங் பண்ணேன். சும்மா சொல்லக் கூடாது, ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி ஒட்டியிருந்தேன்.

காரை இறக்கினோம். அண்ணன் குளிச்சு, நல்ல சட்டை போட்டுக்கிட்டு வந்திருந்தான். கைப்பிடியைப் பிடிச்சு இழுத்தான். கதவு திறக்கல. மறுபடி இழுத்தான். அவசரம் ஓடி வந்து, காலை உதைச்சுக்கிட்டு ஒரே இழுப்பா இழுத்தான். கைப்பிடி கையோட வந்துருச்சு, கதவு அங்கேயே இருந்துச்சு. அந்தப் பக்கக் கதவும் அதே கதைதான்.

கதவோட இடுக்கைப் பாத்தேன். மேல தலைமுடி போக இடமில்ல, கீழ விரலே போகுது. ரெண்டு நுனியில மட்டும் முட்டு இருந்தா நடு உடம்பு தொங்காதா? தொங்கின தொங்கலோட சேர்த்துக் கெட்டியா ஒட்டி வச்சிருக்கேன்! அடுத்த நாள் போட்டிக்காரங்க பரிசோதனை, அவங்க முன்னால அண்ணன் தானா ஏறி இறங்கிக் காட்டணும்.

"நீதானே ஒட்டினே?"ன்னான் அவசரம்.

"நீதானே முட்டுக் கொடுத்தே? ரெண்டு நுனியில மட்டும் நிறுத்தாதேன்னு உன் மூளை சொல்லலையா?"

"உன் மூளை எங்க போச்சு?"

எங்க சத்தத்துல பக்கத்துக் கடைக்காரங்க எட்டிப் பாத்தாங்க. அண்ணன் இடையில வந்து, "எதுக்கு அவ்வளவு உசரத்துக்குத் தூக்கினீங்க? தரையில வச்சே பண்ணியிருக்கலாமே?"ன்னான்.

அவ்வளவுதான், எனக்கு வந்துச்சே ஆத்திரம்.

"உனக்காகத்தான்! நீ தரையில உக்கார மாட்டே. உக்காந்தா எழுப்பணும். எழுப்ப வந்தா முகத்தைத் தூக்கி வச்சுக்குவே. உன்னைத் தூக்கக் கூடாதுன்னுதான் காரைத் தூக்கினோம்!"

அவசரம் கையில இருந்த கைப்பிடியையே பாத்துக்கிட்டு நின்னான். நான் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன்.

அண்ணன் என்னை ஒரு பார்வை பாத்தான். அப்புறம் ஊன்றுகோலைச் சுவர்ல சாத்தினான். ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா இறங்கி, அந்த எண்ணெய்த் தரையில, நல்ல சட்டையோட மல்லாந்து படுத்தான்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறே? அறுக்கிற மெஷினை எடு"ன்னான்.

நான் ஒட்டின ஒட்டை நானே அறுத்தேன். அது ஒரு கொடுமைங்க, சொன்னாப் புரியாது. காரு இப்ப தன்னோட சக்கரத்துல, தரையில நின்னுச்சு. நடு வயித்துல ஜாக்கியை வச்சு அவசரம் நெம்பினான், வாழ்க்கையிலேயே முதல் தடவையா மெதுவா. சக்கரம் வச்ச பலகை ஒண்ணை அண்ணனுக்குத் தள்ளி விட்டேன். அதுல படுத்துக்கிட்டு, ஒரு அட்டைத் துண்டைக் கதவிடுக்குல மேலயும் கீழயும் விட்டு விட்டுப் பாத்தான். "இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சூண்டு. நிறுத்து." அட்டை ரெண்டு இடத்துலயும் ஒரே மாதிரி நுழைஞ்சப்ப, கதவு டக்குனு தானா விட்டுக் கொடுத்துச்சு. மூணு பேரும் சின்னப் பசங்க மாதிரி கத்தினோம்.

சூட்டுல ஒரு பக்கமா இழுத்துக்கக் கூடாதுன்னு, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்னு ஒட்டினேன். விளக்கை அண்ணன்தான் பிடிச்சான். நெருப்புப் பொறி பட்டு நல்ல சட்டை சல்லடையாப் போச்சு. அவன் அதைக் கண்டுக்கவே இல்ல. முன்ன மாதிரி என்னைக் கிண்டல் பண்ண ஆரம்பிச்சிருந்தான். ஒரு வருஷமாக் கேக்காத கிண்டல் அது. எனக்குத் தேனா இனிச்சுது.

வேலை முடிஞ்சு, பிஞ்சு வந்த கைப்பிடியையும் அவசரம் திரும்ப மாட்டிட்டு ஜாக்கியை எடுத்தப்ப அண்ணி சாப்பாட்டுப் பையோட உள்ள வந்தா. புருஷன் தரையில கிடக்கிறதைப் பாத்து, "ஐயோ!"ன்னு பையைப் போட்டுட்டு ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு ஓடி வந்தா. நான் அவ கையைப் பிடிச்சு நிறுத்தினேன். உண்மையைச் சொன்னா, என் கையும் பாதி வழி போயிருந்துச்சு. அவளைப் பிடிச்சதுல அதுவும் நின்னுச்சு.

"விடு அண்ணி. பாரு."

அண்ணன் கதவை அகலத் திறந்து, அதோட மேல் விளிம்பைப் பிடிச்சான். இன்னொரு கையைக் காரோட வாசற்படி ஓரத்துல ஊன்றினான். முழு பாரமும் கதவு மேல. கதவு கொஞ்சம்கூட இறங்கல. முட்டி போட்டான், ஒரு எக்கு எக்கி ஓரத்துல உக்காந்தான், அப்படியே சீட்டுக்கு நகர்ந்தான். இடது காலைத் தன் கையாலயே எடுத்து உள்ள வச்சான். கதவை இழுத்தான். டப்புனு ஒரே சத்தத்துல மூடிக்கிச்சு.

அண்ணிக்கு அழுகை நிக்கல. எனக்கும்தான், மறைச்சு என்ன ஆகப் போகுது? ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கிட்டு நின்னோம். அண்ணன் பக்கத்து சீட்டைத் தட்டினான்.

"என்னம்மா, நீயா ஏறுறியா, இல்ல நான் வந்து தூக்கி உக்கார வைக்கணுமா?"

அண்ணி மூக்கை உறிஞ்சிக்கிட்டே சுத்திப் போய் அந்தப் பக்கக் கதவை இழுத்தா. அதுவும் திறந்துச்சு.