கொல்லைக்குழி மீன்கள்

சானிட்டரி இன்ஸ்பெக்டர் பாபு குனிந்து, வெள்ளைக் கிண்ணத்தில் என் கொல்லைக்குழித் தண்ணீரை மொண்டு, வெயிலில் ஆட்டி ஆட்டிப் பார்த்தார். ஒரு கொசுப்புழு இல்லை. பின்னால் மண்ணெண்ணெய் டின்னோடு நின்ற ஆளிடம், ஊற்ற வேண்டாம் என்று கையசைத்தார். கதவிடுக்கில் நின்ற எனக்குப் பரீட்சையில் தேறினவள் மாதிரி ஒரு பூரிப்பு. அது எத்தனை நேரம் இருந்தது? பக்கத்தில் நின்ற என் அகத்துக்காரர் வாயைத் திறக்கிற வரைக்கும்தான்.

வங்காளத்திலிருந்து தலைநகரை டில்லிக்குக் கொண்டுபோன மறுவருஷம் பவானிபூரில் இந்த வீட்டுக்கு வந்தோம். இவருக்கு அலிப்பூரில் ஆபீஸ். கொல்லை வெறும் களிமண்; மழையில் காலை விடாது, வெயிலில் பாளம் பாளமாய் வெடிக்கும். சாணமும் சாம்பலும் வாழைப்பட்டையும் போட்டு மக்கவைத்து, இரண்டு வருஷம் அதோடு மல்லுக்கட்டித்தான் முளைக்கீரையையும் பாகலையும் கண்ணால் பார்த்தேன். பூச்சி விழுந்தால் வேப்பம்பிண்ணாக்கை ஊறவைத்துத் தெளிப்பேன். அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் அலம்பின தண்ணீர், மழைத் தண்ணீர் எல்லாம் போய்த் தேங்குகிற இடம் அந்தக் குழி. சித்திரை வெயிலில் செடிக்கு அதை விட்டால் வேறு கதி கிடையாது. குழாயில் வருவது குடிக்கவும் சமைக்கவும் சரியாய்ப் போகும்.

தேங்கின தண்ணீரில் கொசு வராமல் இருக்குமா? போன வருஷம் எனக்கே மலேரியா வந்து படுத்தேன். அப்போதுதான் பக்கத்து வீட்டு கிரிபாலா தீதி, தன் குளத்திலிருந்து ஒரு மண்சட்டி நிறையக் குட்டி மீன்களைக் கொண்டுவந்து குழியில் கவிழ்த்தாள். கோல்ஷே என்று பேராம். "இது புழுவைத் தின்னும். நீ இதைத் தின்ன வேண்டாம்" என்று சிரித்தாள். நிமிஷத்துக்கொரு தரம் மேலே வந்து மூச்சு வாங்கிப் போகும். நான் ஒரு நாளும் கையால் தொட்டதில்லை. ஆனால் அன்றிலிருந்து குழியில் புழு கிடையாது.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் வீட்டில் பஜனை. போன மாதம் கால் அலம்பக் கொல்லைக்குப் போன பாகீரதி மாமி, திரும்பி வந்து என் காதோடு சொன்னாள்: "வங்காளத்துக்கு வந்து பத்து வருஷமாச்சு. எங்காத்துக்குள்ள இன்னும் மீன் வரல்லேடி."

கொசுவுக்காக என்றேன். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஒரே வாரத்தில் நம் மனுஷர்கள் வீடு அத்தனையிலும் இதே பேச்சு. ஆபீஸில் எவனோ இவரிடம், இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டானாம். அந்த எரிச்சல்தான் அன்றைக்கு இன்ஸ்பெக்டர் முன்னால் வெளியே வந்தது.

"எண்ணெயை ஊத்தச் சொல்லுங்கோ" என்றார் இவர், அரைகுறை வங்காள பாஷையில்.

"மீன் செத்துப்போகுமே, மஹாதேவன் பாபு."

"அதுக்குத்தான் சொல்றேன்."

ஊற்றினார்கள். மீன்கள் மூச்சுக்கு மேலே வந்தன; மேலே எண்ணெய். மத்தியானத்துக்குள் அத்தனையும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

"ஏன்னா, நான் பண்ணின தப்பு என்னன்னு சொல்லுங்கோ."

"தப்பு ஒண்ணுமில்லே. நாலு பேர் மத்தியிலே நான் நடமாட வேண்டாமா?"

"கீரைக்கு எந்தத் தண்ணியை விடறது?"

"கீரை பஜார்லே கிடைக்கும்."

இரண்டு வருஷத்து மண்ணை ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். நாலே நாளில் கீரை துவண்டு படுத்தது. பாகல் மட்டும் ஒரு இலையும் இரண்டு பிஞ்சுமாய்த் தாக்குப்பிடித்தது. எண்ணெய்த் தண்ணீர் ஒரு சொட்டு செடிப் பக்கம் போகாமல், வாளி வாளியாய் மொண்டு தெருச் சாக்கடையில் கொட்டினேன். குழியைச் சுரண்டிக் காயவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் இங்கே சித்திரையில் வருகிற கால்பைசாகிப் புயல் அடித்து, ஒரு மணி நேரம் மழை கொட்டியது. குழி விளிம்பு வரை நிறைந்தது. நல்ல தண்ணீர். இனி அதில் புழு வைக்க ஒரு வாரம் போதும்.

மறுநாள் முதல் ஞாயிறு. பஜனைக்கு எல்லாரும் வந்து உட்கார்ந்தாயிற்று. சுண்டலை இறக்கிவைத்துவிட்டுப் பின்வாசல் வழியாய் கிரிபாலா தீதி வீட்டுக்குப் போனேன். மறுபடியும் மீன் வேண்டும் என்றதும் அவள் வலைத்துணியை எடுத்துக்கொண்டு குளத்தில் இறங்கினாள்.

சட்டியோடு திரும்பும்போது சந்து வழியாகவே கொல்லைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. தெருவோடு வந்து வாசற்படி ஏறினேன். கூடத்தில் பாட்டு உச்சத்தில் இருந்தது. பாகீரதி மாமியைத் தாண்டும்போது சட்டி தளும்பி, ஒரு மீன் துள்ளி அவள் காலடியில் விழுந்தது. மாமி புடவையை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்தாள். பாட்டு ஒவ்வொரு குரலாய் நின்றது.

சட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு குனிந்து, அதைக் கையால் எடுத்தேன். ஜில்லென்று, வழுவழுவென்று, என் உள்ளங்கையில் வாயைத் திறந்து மூடிற்று. ஜால்ராவைப் பிடித்தபடி இவர் என்னையே பார்த்தார். அவர் பார்க்கும்படியாகவே அதைத் தண்ணீருக்குள் விட்டு, ஈரக்கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் நடந்தேன்.